இரண்டு அங்குலம்

மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.
காரைக்குடியில் டாட்டா ஏஸ் பிடித்து
நாலு பாக்ஸ், ரெண்டு ஆம்ப்ளி, ஒரு ஜெனரேட்டர்
கானாடுகாத்தானில் இறக்கி வைத்த பிறகு.

"வீடே போதுமாம்" என்றான் சேவுகன்,
ஓட்டல் மேனேஜர்.
அந்த வெள்ளைக்காரர் வளவின் நடுவில் நின்று
ஒருமுறை கைதட்டினார்.
சத்தம் தேக்குத் தூண்களை எண்ணிக்கொண்டே
இரண்டாம் கட்டுவரை போய்
சாவகாசமாகத் திரும்பி வந்தது.
"பேசின காசு வந்துரும் அண்ணே,
உக்காந்து கேட்டுட்டுப் போங்க."

ஓட்டுக் கேட்டிருக்கிறேன்,
காது குத்தியிருக்கிறேன்,
செத்தவர் பேரை ஊர்முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.
ஆரோக்கிய மாதா சவுண்ட் சர்வீஸ்
சும்மா இருக்கக் காசு வாங்கியது
அன்றைக்குத்தான்.

அவர் பேர் கிரகாம். அந்த அம்மா ஹேசல்.
கிடாரைத் தரையில் சாய்த்தபோது
விரலில் மாட்டும் கண்ணாடிக் குழாய் உருண்டு
ஆத்தங்குடிக் கல்லின் பூ ஒன்றில் விழுந்து
பொடிப்பொடியானது.
அது இல்லாவிட்டால் பாதிப் பாட்டு இல்லையாம்.
பாட்டில் கழுத்து ஏதாவது கிடைக்குமா என்று
சமையல்கட்டைத் துழாவினார்கள்.
எல்லாம் பிளாஸ்டிக்.
ஒரே ஒரு கோலி சோடா,
அதன் கழுத்துக்குள் சுண்டுவிரல் போகவில்லை.

என் ஸ்டாண்டின் உள்குழாயை உருவினேன்.
ஆக்சா பிளேடு.
இரண்டு அங்குலம்.
ஓரத்தை ஆட்டுரலில் தேய்த்துக் கொடுத்தேன்.
ஊதிப் பார்த்தார், சுண்டுவிரலில் போட்டார்,
மோதிரம் மாற்றிக்கொண்டவர் மாதிரி
என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

கம்பிமேல் குழாய் வழுக்கியது.
சுரம் நின்ற இடத்தில் நிற்கவில்லை,
அழப்போகிறவன் குரல் மாதிரி
கீழே இருந்து மேலே இழுத்துக்கொண்டு போனது.
என் ஸ்டாண்டா இது?
பத்து வருஷமாகத் தலைவர்களைத் தாங்கியும்
ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

பாட்டுக்கு நடுவே அவர் நீளமாகப் பேசினார்.
சேவுகன் இரண்டே வரியில் முடித்தான்:
"இது அமெரிக்காவில் கறுப்பு ஜனங்க பாட்டு.
பருத்திக்காட்டில் பாடினது."

மிச்சத்தைப் பிறகு, கை கழுவும்போது சொன்னான்.
இது எங்க பாட்டு இல்லை, இரவல்,
எங்க ஊரில் பருத்திச்செடியே கிடையாது,
மில் மட்டும் இருந்தது,
அவங்க பறிச்ச பஞ்சு அங்கேதான் நூலாச்சு,
அந்தக் கூலியில்தான் எங்க தாத்தா சாப்பிட்டார்
என்றாராம்.
பாட்டு என்னவென்றால்,
வருஷக் கடைசியில் முதலாளி பேரேட்டைத் திறக்கிறான்,
பறித்த பஞ்சு அத்தனையும் வட்டிக்கே போகிறது.
"இதை எப்படி அண்ணே
இந்த வீட்டில் நின்னு நான் சொல்றது?"

முன்வரிசையில் வீட்டுக்காரர்,
சிங்கப்பூரிலிருந்து வந்தவர்,
தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.
அவருக்கு இங்கிலீஷ் தெரியும்.
தாளம் எங்கே நின்றதென்று நான் கவனிக்கவில்லை.
நின்றிருந்தது.

அடுத்து அந்த அம்மா மட்டும், கிடார் இல்லாமல்.
இரண்டு சொல்தான் எனக்கு எட்டியது:
இயேசு. யோர்தான்.
எங்கள் பக்கம் ஆறு ஏது? ஊருணிதான்.
ஆகவே யோர்தானையும் ஞாயிற்றுக்கிழமைதோறும்
ஓர் ஊருணியாகவே கடந்திருக்கிறேன்:
நாலு பக்கமும் படிக்கட்டு,
நடுவில் முழங்காலளவு தண்ணீர்.
இதற்கு ஏன் இத்தனை அழுகை என்று
மனசுக்குள் கேட்டதுண்டு.
அன்று ராத்திரி
அதற்கு அக்கரை தெரியவில்லை.

போகும்போது குழாயைக் கழற்றி நீட்டினார்.
வேண்டாம் என்று கையை மூடிவிட்டேன்.
இரவலா என்று கேட்டாரோ என்னவோ,
ஆமாம் என்பது மாதிரியும்
இல்லை என்பது மாதிரியும்
தலையை ஆட்டிவைத்தேன்.

போன வாரம் பள்ளத்தூரில் பொதுக்கூட்டம்.
பேச வந்தவர் நல்ல உயரம்.
"கொஞ்சம் ஏத்துப்பா."
ஏற்றினேன்.
"இன்னும் கொஞ்சம்."
"அவ்வளவுதாங்க இருக்கு."

முக்கால் மணி நேரம்
அவர் குனிந்தே பேசினார்.